கல்லுக்குக் கீழே

எங்கள் பங்குக் கோவிலின் வலப்புறத்தில் சிமெண்டும் கருங்கல்லும் கொண்டு எழுப்பிய கெபி ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டு லூர்து நகரின் மசபியேல் குகையில் பெர்னதெத் கண்ட காட்சியை நினைவுகூர்ந்து நம் ஊர்தோறும் கட்டப்படும் கெபிகளைப் போன்றதே அதுவும். என் தம்பியின் ஆறு வயது மகன் அறிந்த குகை அது ஒன்றுதான். ஆகவே, கோடை விடுமுறையில் ஒரு குகைக்கு அழைத்துச் செல்லப்போவதாக நான் சொன்னதும், "அங்கேயும் மாதா இருப்பாங்களா, பெரியப்பா?" என்று கேட்டான்.

"இருக்காது அப்பா. அது மனிதர் கட்டாத குகை."

"அப்ப யார் கட்டினது?" என்றாள் ஒன்பது வயதான அவன் அக்காள்.

"தண்ணீர்" என்றேன். இருவரும் நம்பவில்லை.

அந்தப் பயணத்தை நான் ஏன் திட்டமிட்டேன் என்பதை வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய டிசம்பரில் என் தம்பி மாரடைப்பால் இறந்துபோனான். கட்டட மேஸ்திரி அவன். தரைக்கல் பதிப்பதில் கைதேர்ந்தவன். அடைமழையில் நடந்த அவனது அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். மறையுரையும் நானே ஆற்றினேன். குரல் தழுதழுக்கவில்லை. "சாமி எவ்வளவு திடமாக இருக்கிறார்!" என்று பலர் வியந்தனர், நானும் அதில் சிறிது பெருமை கொண்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கல்லறைக் குழியினருகே சிறுவன் என் அங்கியைப் பிடித்திழுத்து, "அப்பாவுக்குக் குளிராதா?" என்று கேட்டான். நான் வானத்தைச் சுட்டிக்காட்டி, "அப்பா விண்ணகத்துக்குப் போய்விட்டார்" என்றேன். அவன் வானத்தைப் பார்க்கவில்லை, குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். தந்தையைக் கீழே இறக்கியதை அவன் தன் கண்களால் கண்டிருந்தான். அன்று முதல் இரவில் விளக்கை அணைத்தால் அழுவான் என்று அவன் தாய் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்றெண்ணித்தான் இரயிலில் இடம் பதிவு செய்தேன்.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இரயில் தடத்தில் தாடிபத்ரி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால் பேலம் குகைகள். ஆந்திர மாநிலத்தில் முன்பு கர்நூல் மாவட்டத்திலும், 2022 முதல் நந்தியால் மாவட்டத்திலும் அடங்கியவை. வழியெங்கும் வெட்டியெடுத்து அடுக்கிய கரும்பலகைக் கற்கள். "இது நம்ம வீட்டு அலமாரிக் கல்லு!" என்றாள் சிறுமி. ஆம், நம் சமையலறை மேடைகளிலும் அலமாரிகளிலும் தமிழகமெங்கும் பதித்திருக்கும் கடப்பாக்கல் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். "அப்பா அறுப்பாரே, அந்தக் கல்லு" என்று மெல்லச் சொன்னான் சிறுவன். அவன் தாய் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குகை என்றதும் நாம் மலையை எண்ணுகிறோம். பேலத்தில் மலை இல்லை. சமவெளியின் நடுவே கிணறு போல் நிலம் பிளந்து கிடக்கிறது. படிகள் வழியே அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும். அந்தக் குழியின் வாயைக் கண்டபோதுதான் என் அறிவின்மை எனக்கு உறைத்தது. தந்தையை மண்ணுக்குள் இறக்கியதைக் கண்டு ஐந்து மாதங்களே ஆன பிள்ளைகளை நான் அழைத்து வந்திருப்பது மண்ணுக்குள். அவர்கள் தாய், "எனக்கு வேண்டாம் சாமி. நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று கூறி நிழலில் அமர்ந்துவிட்டாள். திரும்பிவிடலாமா என்று தயங்கினேன். அதற்குள் சிறுவன் என் விரலைப் பற்றிக்கொண்டு முதற்படியில் கால் வைத்துவிட்டான்.

உள்ளே குளிர்ச்சியை எதிர்பார்த்த எங்களுக்கு வெப்பமும் புழுக்கமுமே வரவேற்பளித்தன. வெளிக்காற்றைக் குழாய்கள் வழியே உள்ளே செலுத்துகிறார்கள். ஆயினும் சிறிது நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. மஞ்சள் விளக்கொளியில் பாறைச் சுவர்கள் நீர் அலைகளைப் போல் வளைந்து வளைந்து சென்றன. இந்தக் குகைகளை 1884-இல் பதிவு செய்தவர் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே என்றதும், "நம்ம பல்லாவரமா!" என்று சிறுமி வியந்தாள். பின்னர் 1982, 1983 ஆண்டுகளில் ஜெர்மானியக் குகை ஆய்வாளர்கள் உள்ளே புகுந்து அளந்தனர். கண்டறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கி.மீ. வரை மக்கள் செல்லலாம். பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது 2002-இல்.

தண்ணீர் எவ்வாறு குகை கட்டும் என்பதை நடந்துகொண்டே விளக்கினேன். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கிப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பிறகு நிலத்தடி ஓடை அந்த வழியை அகலமாக்குகிறது. கரைந்த சுண்ணாம்பை மற்றொரு துளி சுமந்து வந்து கூரையில் விட்டுச் செல்லும்போது கல்விழுது தொங்குகிறது. தரையில் விழுந்த துளியிலிருந்து கல்முளை எழுகிறது. இரண்டும் சேர்ந்தால் கல்தூண். ஒரு சென்டிமீட்டர் வளர நூறாண்டு அளவு ஆகலாம். சிறுவன் ஒரு கல்முளையை நோக்கிக் கை நீட்டினான். "தொடாதே. நம் கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அதன் வளர்ச்சி கெட்டுவிடும்" என்றேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

ஓரிடத்தில் விளக்கிட்ட பாதையிலிருந்து கிளை ஒன்று பிரிந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் வெறும் இருள். சிறுவன் அங்கே நின்றுவிட்டான்.

"அப்பா இருக்கிற இடம் இப்படித்தான் இருட்டா இருக்குமா, பெரியப்பா?"

சிறுமி தம்பியை அதட்டப் போனாள். பிறகு அவளும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கேள்வி இருந்தது, கேட்காமல் வைத்திருந்தாள்.

குருமடத்தில் இறுதிக் காலம் பற்றிய இறையியலை ஓர் ஆண்டு முழுவதும் பயின்றவன் நான். உடலின் உயிர்ப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். அவற்றில் ஒரு வாக்கியமும் அப்போது உதவிக்கு வரவில்லை. அங்கே மீண்டும் மேலே கை காட்ட முடியாது, மேலேயும் பாறைதான். தரையில் குந்தி அமர்ந்து அவன் உயரத்துக்கு வந்தேன்.

"ஆமாம் கண்ணா. அப்பாவின் உடல் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அங்கே விளக்கு இல்லை. ஆனால் அப்பாவுக்கு இருட்டு தெரியாது, குளிரும் தெரியாது, வலியும் இல்லை. அப்பாவைக் கடவுள் தம்மிடம் வைத்திருக்கிறார் என்று பெரியப்பா நம்புகிறேன். எப்படி என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை."

"உங்களுக்கு அழுகை வரலயா?" என்று கேட்டாள் சிறுமி. ஐந்து மாதங்களாக அவள் என்னிடம் கேட்க எண்ணியிருந்த கேள்வி அதுதான் போலும்.

இலாசரின் கல்லறை ஒரு குகை என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. நண்பனை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் அதன் அருகே கண்ணீர் விட்டார். இந்தப் பகுதியை நான் அடக்கச் சடங்குகளில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! நம்பிக்கை உள்ளவன் அழக்கூடாது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் நான் அவ்வாறே நடந்துகொண்டேன். அதைப் பார்த்த இந்தப் பெண்குழந்தை, தானும் அழக்கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தப் புழுக்கத்தில், வழியே சென்ற மனிதர்கள் விலகிப் போக, கடப்பாக்கல்லின் நடுவே என் தம்பிக்காக நான் முதன்முறையாக அழுதேன். அவளும் அழுதாள். சிறுவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை முதலில் அக்காளிடமும் பிறகு என்னிடமும் கொடுத்தான்.

குகையின் ஆழமான பகுதியைப் பாதாளகங்கை என்கிறார்கள். தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. அங்கே சிற்றோடை ஒன்று ஓடி வந்து பாறைக்குள் மறைந்துவிடுகிறது. "எங்கே போகுது?" என்றான் சிறுவன். ஊர்க் கிணற்றில் போய்ச் சேர்வதாக இங்குள்ளோர் நம்புகிறார்கள் என்று வழிகாட்டி தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார். அதை வைத்து ஓர் உவமை சொல்லலாமா என்று என் மறையுரைப் புத்தி துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவன் நீரின் ஓசையை நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

மேலே வந்ததும் தாயிடம் ஓடி, "உள்ள ரொம்ப சூடும்மா! தண்ணி ஓடுது!" என்றான். அவள் அவனை அணைத்துக்கொண்டு என் கண்களைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைகளை மந்திரித்து முடித்துவிட்டுத் தம்பியின் கல்லறைக்கு வந்தேன். அவனோடு வேலை செய்தவர்கள் அதன்மேல் கடப்பாக்கல் பதித்திருந்தார்கள்; விளிம்புகளை அவனே இழைத்தது போல் அவ்வளவு நேர்த்தி. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்த சிறுவன் கல்லை நோக்கிக் கை நீட்டிப் பாதியில் நிறுத்தினான்.

"இதைத் தொடலாமா, பெரியப்பா?"

"தொடலாம் கண்ணா."

உள்ளங்கையை விரித்துக் கல்மேல் வைத்தான். மாலை வெயில் அதில் ஏறியிருந்தது. "சூடா இருக்கு. அந்தக் குகை மாதிரி" என்று அக்காளிடம் சொன்னான். பிறகு அவளும், அவர்கள் தாயும் கை வைத்தார்கள்.

கல் சூடாயிருப்பதற்கும் நம் உயிர்ப்பு நம்பிக்கைக்கும் தொடர்பு இல்லை என்று விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. நானும் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டேன்.