பாலாவி: மெய்யும் ஆவியும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே செல்லும் பெருவீதியில், புத்தள நகரை அடைவதற்குச் சில கிலோமீற்றர் முன்னதாக ஒரு சந்தி வருகிறது. அதுவே பாலாவி. அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதி கற்பிட்டித் தீபகற்பத்தினுள் நுழைந்து, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தையும் அணுகிச் சென்று, ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டையருகே முடிகிறது. வில்பத்துக் காட்டையோ கற்பிட்டிக் கடலையோ காண விரைவோர் பாலாவியில் இறங்குவதில்லை. சீமெந்துத் தொழிற்சாலையையும் புகையிரதப் பாதையையும் வண்டியின் சாளரத்தூடாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

ஆயினும் இவ்வூரின் பெயரே சிறிது நின்று சிந்திக்கச் செய்கின்றது. மன்னாரில், திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் தீர்த்தத்திற்கும் பாலாவி என்றே பெயர். ‘ஆவி’ என்னும் சொல்லுக்கு உயிர் என்றும், மூச்சு என்றும், நீரிலிருந்து எழும் புகை என்றும் தமிழில் பொருளுண்டு. பெயர்க் காரணத்தை ஆராய்வோர் ஆராயட்டும். இவ்வூர் மக்களின் தொழிலைக் காண்போர்க்கு அச்சொல் பொருத்தமாகவே தோன்றும். ஏனெனில் இங்கு ஆவி பிரிந்த பின்னரே விளைச்சல் கிடைக்கிறது.

உப்பும் ஒளியும்

புத்தளக் களப்பின் கரையோரமாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. களப்பு நீரை முதலில் அகன்ற தேக்கங்களிற் பாய்ச்சுவர். வெயிலும் காற்றும் அதனைச் சிறிது சிறிதாகக் குறுக்கும். சுண்ணச் சத்துகள் முன்னரே அடியிற் படிந்துவிட, தெளிந்து கனத்த நீரைப் பாத்திகளுக்கு விடுவர். அங்கேதான் உப்புப் பூக்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. எஞ்சிய நீர் அத்தனையும் கண்ணுக்குப் புலப்படாமல் வானேறிய பின்னரே வெண்மையான பரல்கள் பாத்தியில் நிற்கும். பெரியோர் உடலுக்கும் உயிருக்கும் சொல்லும் உவமைகளுடன் இவ்வுப்பளத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். போனது காணப்படவில்லை, நின்றது கையில் அகப்படுகிறது.

முகத்தைப் படமாக்கும் கலையின் தொடக்க காலத்திலும் இந்த உப்புக்கு இடமுண்டு என்பதை மாணவர்கள் அறிந்து கொள்ளுதல் நன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பட் என்பவர் 1834ஆம் ஆண்டளவில், சாதாரண கறியுப்பைக் கரைத்த நீரில் தாளைத் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார். இரண்டும் கலந்து உண்டாகும் வெள்ளிக் குளோரைட்டு, வெயில் பட்ட இடத்தில் கருக்கும். நிழல் விழுந்த இடத்தில் வெளிறி நிற்கும். படம் மேலும் கருத்து அழிந்து போகாமற் காப்பதற்கும் அவர் செறிந்த உப்பு நீரையே முதலிற் பயன்படுத்தினார். வெள்ளியுப்புகளைக் கரைக்கும் ‘ஹைப்போ’ என்னும் மருந்தின் தன்மையை வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். 1839இல் அதனைப் படங்களை நிலைநிறுத்தும் வேலைக்கு ஏற்றார். பாலாவிப் பாத்தியில் உப்பை விளைக்கும் அதே கதிரவனே, உப்புத் தோய்ந்த தாளில் மனித முகத்தையும் விளைத்தான்.

களுத்துறையில் ஒரு மூதாட்டி

பாலாவியிலிருந்து இதே மேற்குக் கரையோரமாகத் தெற்கே சென்று, கொழும்பையும் தாண்டினால் களுத்துறை வரும். முகத்தின் வழியே உள்ளத்தைப் படம்பிடிக்க முயன்றோருள் முதன்மையான ஒருவர் தம் இறுதிக் காலத்தில் அங்கே வாழ்ந்தார். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அவ்வம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகள் அளித்த பரிசாகவே முதன்முதல் ஒரு கமராவைப் பெற்றார். கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர். 1875இல் இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1879 ஜனவரியில் அம்மையார் மலையகத்திற் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் உள்ளது.

அந்நாளிற் படத்துக்கு அமர்வோர் அசையாதிருக்க வேண்டும். இவ்வம்மையாரின் முன்னிலையிலோ சில நிமிடங்கள்கூட அவ்வாறு இருக்க நேரும். ஒரு கணத்திற்குப் புன்னகையை வரவழைத்துக் கொள்ளலாம். சில நிமிடங்களுக்கு அதனைத் தாங்கி நிற்றல் இயலாது. வேடம் கழன்று விழ, உள்ளிருக்கும் முகம் வெளிவரும். மூச்சின் மெல்லசைவும் படத்திற் சற்றே மங்கலாகப் பதியும். அம்மங்கலைக் குறையென்று கூறினார் பலர். அம்மையாரோ அதனை விரும்பியே கைக்கொண்டார். புறத்தோற்றத்துடன் அகத்தின் பெருமையையும் படத்திற் கொண்டுவருதலே தமது நோக்கமென அவர் எழுதி வைத்துள்ளார். ஹைப்போவின் தன்மையைக் கண்ட ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படம் இதற்குச் சான்று. கலைந்த நரைமுடி ஒளியிற் சுடர, முதிய கண்கள் எங்கோ தொலைவை நோக்குகின்றன.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. களுத்துறைக் குடியானவர், இளம்பெண் என்றவாறே அவற்றின் தலைப்புகள் அமைந்துள்ளன. ஹேர்ஷலுக்கும் கார்லைலுக்கும் டெனிசனுக்கும் பெயருண்டு. நம் நாட்டு முகங்களுக்கோ பெயரில்லை. கண்ணின் ஒளியும் தோளின் களைப்பும் படத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் யார் மகள், எவர் தாய் என்று சொல்வாரில்லை. உடல் காக்கப்பட்டது; உறவு காக்கப்படவில்லை.

மெய்யும் மெய்ப்பாடும்

தமிழிலக்கணம் கற்கும் சிறுவர்க்கு உயிர், மெய், உயிர்மெய் என்னும் பாகுபாடு தெரியும். மெய்யெழுத்து உயிரின் துணையின்றி இயல்பாக ஒலிக்காது. மேலும் ‘மெய்’ என்பது உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. உள்ளத்தில் நிகழ்வது உடலின்மேல் தோன்றுதலே மெய்ப்பாடு. கமராவின் பின்னே நிற்பவர் காத்திருப்பது வேறெதற்கு? கண்ணாடி வில்லைக்கு உயிர் புலப்படாது. உயிர் உடலில் எழுதும் எழுத்தே புலப்படும். அதனைப் படிக்கத் தெரிந்தவரே நல்ல படத்தை எடுப்பர்.

தேசிய அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சிரித்தலாகாது, முகம் நேராக இருத்தல் வேண்டும். எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றுக்கும் அங்கு இடமில்லை. ஆயினும் அவ்வட்டையில் பெயரிருக்கிறது, பிறந்த நாளிருக்கிறது. கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்களில் இல்லாதது அதில் உண்டு. அப்படங்களில் உள்ளது அதில் இல்லை.

பாலாவி மக்கள் கண்ட இழப்பு

படத்திற்கும் உயிருக்கும் ஏதோ தொடர்புண்டு என்னும் எண்ணம் பாலாவியைச் சூழ்ந்து வாழும் சமயத்தார் அனைவரிடமும் காணப்படுகிறது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று முற்காலத்துப் பாட்டிமார் அஞ்சினர். இந்து இல்லங்களில் மறைந்தோரின் படத்திற்கு மாலையிட்டு விளக்கேற்றுவர். பேழையைச் சூழக் குடும்பத்தார் நின்று இறுதிப் படம் எடுத்துக் கொள்ளும் வழக்கம் கத்தோலிக்கரிடை நெடுநாள் இருந்தது. உருவம் சமைத்தவனிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்குமாறு கேட்கப்படும் என்னும் நபிமொழியை எண்ணி, முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் சுவரில் படம் மாட்டுவதில்லை. கமராவிற் பதிவது சமைத்த உருவமா, வெறும் நிழலா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் அவ்வெச்சரிக்கையிலும் ஓர் உண்மை உள்ளது: உருவத்தை மனிதன் ஆக்கலாம், உயிரை ஆக்குதல் அவனால் ஆவதன்று.

1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் வந்திறங்கினோரும் பலர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்திலும், பாலாவி - கற்பிட்டி வீதியின் இருமருங்கிலும் ஓலைக் குடிசைகளில் தங்கினர். 2009இல் போர் ஓய்ந்தபின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டனர். நகையும் பணமும் கொண்டுவர விடாத அவ்வேளையில், பெட்டிக்குள் இருந்த திருமணப் படத்தையும், தாய் தந்தையரின் படத்தையும் எடுத்து வர யாருக்கு நேரமிருந்திருக்கும்? ஒரு தலைமுறையின் முகங்கள் பூட்டிய வீடுகளிலேயே தங்கிவிட்டன. ஆனாலும் இங்கே பிறந்த பேரக்குழந்தையின் நெற்றியைக் காட்டி, “இது அப்படியே வாப்பாவின் நெற்றி” என்று ஒரு மூதாட்டி சொல்வாராயின், அங்கே படம் இல்லாமலே உயிர் நிற்கிறது.

இதனால் படம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. படம் மெய்யைக் காக்கும்; அதற்கு ஆவி தருவது, பார்ப்பவரின் நினைவும் அவர் சொல்லும் பெயருமே. அச்சொல் இல்லையேல், களுத்துறை மக்களைப் போல நம் முன்னோரும் பெயரற்ற முகங்களாகி விடுவர்.

ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களே, பாட்டனார் வலை பொத்தும் போதும், பாட்டியார் முற்றத்தில் அரிசி புடைக்கும் போதும், அவர்கள் இசைந்தால், ஒரு படம் எடுங்கள். “சிரியுங்கள்” என்று அவர்களை வற்புறுத்த வேண்டாம். மெய்ப்பாடு தானே வரும்வரை பொறுத்திருங்கள். பின்னர் அப்படத்தைத் தாளில் அச்சிட்டு, அதன் பின்புறத்தில் அவர்கள் பெயரையும், ஊரையும், ஆண்டையும், அன்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையையும் எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் அதனை அவர்களிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.