கிரீடமா, சிங்கமா?

நான் வாதாடிய ஒரு வழக்கில் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ், தோள்பட்டைச் சின்னம், பித்தளைப் பொத்தான் என்று காயலான் கடைகளில் தேடித் தேடிச் சேர்ப்பவர். ஒரு நாள் இரவு பேருந்து நிலையத்தில் பையைச் சோதித்த போலீசார், ராணுவ வீரர் என்று ஏமாற்றத்தான் இவற்றை வைத்திருக்கிறார் என வழக்குப் போட்டுவிட்டார்கள்.

அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் 140-ஆவது பிரிவின்படி, ராணுவ வீரர் அல்லாத ஒருவர் ராணுவ உடை அணிந்தாலோ, அடையாளச் சின்னம் வைத்திருந்தாலோ 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம்; இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். ஆனால், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அதைச் செய்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு.

குறுக்கு விசாரணையில், ஒரு பித்தளை பேட்ஜை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன்.

"மேலே என்ன இருக்கிறது?"

"கிரீடம்."

"இன்றைக்கு நம் ராணுவத்தில் யார் கிரீடம் வைத்த பேட்ஜ் அணிகிறார்கள்?"

பதில் இல்லை. 1950-இல் நாடு குடியரசானதும் கிரீடம் போய், அந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் கிரீடத்தின் வளைவை வைத்தே காலம் சொல்வார்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் விக்டோரியா காலம். மேடாக வளைந்திருந்தால் 1901-க்குப் பிந்தைய மன்னர்கள் காலம். நடுவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிப் பார்த்தார்.

அரசு வழக்கறிஞர் விடவில்லை. பையில் சிங்கம் பொறித்தவையும் இருந்தன. அவற்றில் ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். தொப்பியில் மாட்டும் வளையங்கள் இரண்டும் ஒடிந்து, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதை எந்தத் தொப்பியிலும் குத்த முடியாது. கூடவே கட்சிக்காரரின் நோட்டையும் தாக்கல் செய்தேன். வாங்கிய தேதி, கடை, விலை, எந்தப் படைப்பிரிவு என எல்லாம் அவர் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தன. சீருடை எதுவும் பறிமுதல் ஆகவில்லை. தன்னை ராணுவம் என்று அவர் சொல்லிக்கொண்டதாக ஒரு சாட்சியும் கூறவில்லை.

விடுதலை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452-ஆவது பிரிவில் மனுப் போட்டுப் பொருள்களையும் மீட்டோம்.

அதன்பின் அவர் ஒரு விக்டோரியா பேட்ஜை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். வரலாற்று மதிப்புள்ள பொருள் 100 ஆண்டு கடந்துவிட்டால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கெல்லாம் அங்கே பெரிதாக இடமில்லை.

இப்போது அதே ஆள்மாறாட்டக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆவது பிரிவு. அபராதம் 2,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்பது மாறவில்லை. ஆகவே சேகரிப்பாளர்கள் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது, ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள், ரசீது கிடைத்தால் அதையும் ஒட்டி வையுங்கள் என்பதுதான்.