நான் தாண்டிய மதில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்சிற்குச் சென்றிருந்தபோது, பாரிசுக்குத் தெற்கேயுள்ள எவ்ரியில் எனது பெறாமகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய மகனுக்கு அப்போது பதினாறு வயது. மாலையானதும் மதில் பாயப் போய்விடுவான்.

"சித்தப்பா, கையைக் காலை முறிச்சுக்கொண்டு வரப்போறான். நீங்களாவது சொல்லுங்கோ" என்று அவள் முறையிட்டாள். புத்தி சொல்லும் எண்ணத்துடன்தான் மறுநாள் அவனுடன் அருகிலுள்ள லிஸ் என்ற சிற்றூருக்குப் புறப்பட்டேன்.

'பார்கூர்' என்னும் கலை வளர்ந்த இடம் அது என்பதை அங்கு சென்ற பின்னரே அறிந்தேன். எந்தக் கருவியுமின்றி ஓடியும் பாய்ந்தும் ஏறியும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தை அடைவதே இக்கலை. டேவிட் பெல் என்ற இளைஞரும் நண்பர்களும் இதனை இங்கே பயின்றனர். 1997இல் அவர்களில் ஒன்பது பேர் 'யமகாசி' என்ற குழுவாயினர்.

டேவிட்டின் தந்தை ரேமண்ட் பெல் 1939இல் வியட்நாமில் பிறந்தவர். போரினால் குடும்பத்தைப் பிரிந்து, படைத்துறை நடத்திய அநாதை விடுதியில் வளர்ந்தவர். ஏனையோர் உறங்கும் இரவுகளில் தடை ஓட்டப் பாதையில் தனியே பயின்றாராம். பிற்காலத்தில் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அத்தகைய பாதைகளுக்கு வழிகாட்டியவர் ஜோர்ஜ் எபேர் என்ற கடற்படை அதிகாரி. 1902இல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துச் சுமார் 28,000 பேர் மாண்டபோது மீட்புப் பணியில் நின்றவர் அவர். பிறருக்குப் பயன்படுவதற்காகவே வலிமை பெறவேண்டும் என்பது அவரது கொள்கை.

கூரைக்குக் கூரை தாவுவார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றமே. முழங்கால் உயர மதிலொன்றிலிருந்து ஒரு மணிநேரம் குதித்துக்கொண்டேயிருந்தார்கள். முன்பாதம் நிலத்தில் பட, முழங்கால் மடிய, ஓசையின்றி இறங்கவேண்டுமாம்.

"சத்தம் கேட்டால் பிழை, தாத்தா. இறங்கத் தெரியாமல் ஏறக்கூடாது" என்றான் பேரன்.

சற்று உயர்ந்த மதிலொன்றை எல்லோரும் தாண்டிவிட்டனர். சிறுவன் ஒருவன் மட்டும் இப்பால் அஞ்சி நின்றான். எவரும் நகைக்கவில்லை. பேரன் மதில் மேலேறித் திரும்பி வந்து, அவனைத் தாழ்ந்த மதிலுக்கு அழைத்துச் சென்று மறுபடி ஆரம்பத்திலிருந்து பழக்கினான்.

எனக்கு 1983 யூலை நினைவுக்கு வந்தது. கொழும்பில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்வாசலில் கூட்டம் திரண்டபோது, நான் பின்மதிலால் பாய்ந்தேன். என் பின்னால் நண்பனின் தந்தை வந்துகொண்டிருந்தார். வயதானவர்; தொய்வுக்காரர். அவரால் ஏறமுடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களவர்தான் ஏணி வைத்து அவரை இறக்கினார். அந்தப் பெரியவர் சாகும்வரை அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த யூலையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இந்த மதிலைப் பற்றி எழுதியதில்லை.

2018இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் பார்கூரைத் தனது விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2022இல் டோக்கியோவில் முதலாவது உலகப் போட்டியும் நடந்தது. பதக்கங்கள் வந்தால் இதன் நோக்கம் போய்விடும் என்று எதிர்த்தோரும் உளர். அவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. தாண்டியவன் திரும்பி வருவதற்குப் புள்ளி போட எந்த நடுவரால் முடியும்?

அன்றிரவு வீடு திரும்பியதும், "சொன்னீங்களோ, சித்தப்பா?" என்று பெறாமகள் கேட்டாள்.

"அவனைத் தடுக்காதை, பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.