பதினொரு வருஷம் தாமதமான ஒரு மன்னிப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. லேப்டாப் கதை மாதிரிதான் தொடங்கும், ஆனாலும் கடைசிவரை படியுங்கள். என்னிடம் படித்தவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது ஞாபகம் இருக்கும். அதில் அடுத்த வருஷம் என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இரண்டும் அதில் இருந்தன. ஸ்டார்ட்டரில் திரைப்படத்தைக்கூட மாற்ற முடியாது என்று மகள் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. லினக்ஸ் பக்கம் நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு லேப்டாப் என்னிடமே தங்கிவிட்டது. கடிதம் அடிக்க, பேரன் படம் பார்க்க, எனக்கு அது போதும்.

போன மாதம் அதற்கு நோய் வந்தது. திறக்கவே கால் மணி நேரம் ஆனது. பென்டிரைவைச் செருகினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றன. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போய்க் கடையில் காட்டி வர ஒரு நாள் போய்விடும். அதனால் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பழைய மாணவிக்கு போன் போட்டேன்.

"வைரஸை மட்டும் எடுக்குறது வேண்டாம் டீச்சர். மொத்தமா தொடச்சிட்டு புதுசா போட்டுடலாம்" என்றாள்.

"ஏம்மா, ஸ்கேன் பண்ணினா போதாதா?"

"வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்னு வைங்க. திருடன் இருக்கானான்னு அவன்கிட்டயே கேட்டா என்ன சொல்லுவான்?"

சரிதானே! கெட்டுப்போன சிஸ்டத்துக்குள் இருந்துகொண்டு அதையே சோதித்தால், 'சுத்தமாக இருக்கிறது' என்று வரும் பதிலை எப்படி நம்புவது?

பழைய விண்டோஸ் 7-ஐயே திரும்பப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். 2020 ஜனவரி 14-க்குப் பிறகு அதற்குச் சாதாரணமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டனவாம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டி, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கிய வான்னாக்ரையில் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான். இத்தனைக்கும் அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புது விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், இதில் இருப்பது 2 ஜிபி. ஆகவே லினக்ஸ் மின்ட் என்று முடிவானது.

எதிர்வீட்டுப் பையனின் நல்ல லேப்டாப்பில் மின்ட்டை இறக்கி, புதுப் பென்டிரைவில் ஏற்றினோம். இறங்கிய கோப்பு சரியானதுதானா என்று சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். என் லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்தே திறந்தேன். விண்டோஸ் விழிக்கவே இல்லை, அதனால் வைரஸும் விழிக்கவில்லை. அந்த நிலையில் போட்டோ, கடிதங்கள் மட்டும் வேறு டிஸ்கில் எடுத்து வைத்தேன். இ-எக்ஸ்-இ, வி-பி-எஸ் என்று முடிகிற எதையும், ஷார்ட்கட் எதையும் தொடக் கூடாது என்பது கட்டளை. பிறகு 'டிஸ்கை முழுதும் அழித்து நிறுவு' என்பதை அழுத்தினேன். பன்னிரண்டு வருஷம் ஒரு நொடியில் போகிறதே என்று விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மெயில், முகநூல் பாஸ்வேர்டுகளை போனிலிருந்து மாற்றினேன்.

அப்புறம்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "வீட்ல இருக்கிற பழைய பென்டிரைவ் எல்லாத்தையும் தேடி எடுங்க டீச்சர். நோய் அதுல தங்கியிருக்கும். லினக்ஸ்லயே செருகிப் பாத்துடலாம்."

பழைய ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு நீலப் பென்டிரைவ் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நான் பயன்படுத்தியது. 'கெட்டுப்போச்சு' என்று எறியாமல் போட்டு வைத்திருந்தேன்.

செருகினேன். விண்டோஸில் மறைந்திருக்கும் கோப்புகள் லினக்ஸில் அப்படியே தெரிந்தன. 'பிள்ளைகள் படம்' என்று ஒரு ஃபோல்டர். அதே பெயரில் ஒரு ஷார்ட்கட். பக்கத்தில் வி-பி-எஸ் என்று முடியும் ஒரு கோப்பு. ஷார்ட்கட்டின் தேதி 20-07-2013, சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கம் நம் பள்ளிக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெயின்ட்டில் வரைந்த படங்களைச் சுதந்திர தினக் கண்காட்சிக்குக் கலரில் எடுக்க, கொடைக்கானலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "கலர் மை தீந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அதைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் செருகியது நான்தான். ஃபோல்டர் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. கவனித்தும் இரண்டு தட்டு தட்டித் திறந்தேன். படங்கள் எல்லாம் வந்தன. அந்த ஷார்ட்கட் முதலில் வைரஸை ஓட்டிவிட்டு, பிறகு நிஜ ஃபோல்டரையும் காட்டுமாம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மதியம் எல்லாக் கம்ப்யூட்டரும் குளறுபடி. அந்த அறையில் இருந்தவன் ஒரே ஒரு பையன். எப்போதும் அங்கேயே கிடப்பவன். என் டைரியில் 22-ஆம் தேதி நான் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "கேம் ஏற்றிக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டான். கேட்டால் பொய் வேறு. இனி அறைக்குள் விடக் கூடாது."

"நான் இல்ல டீச்சர்" என்று அவன் சொன்னதைத்தான் 'பொய்' என்று எழுதியிருக்கிறேன். வகுப்பு முன்னால் நிற்க வைத்தேன். வருஷம் முடியும்வரை அவனை அந்த அறைக்குள் விடவில்லை. கம்ப்யூட்டர்களையும் ஃபார்மட் செய்யச் சொன்னேன். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டு மட்டுமே இருந்தன என்பது இப்போதுதான் தெரிகிறது. பிள்ளைகள் வரைந்த மூல வேலையை எல்லாம் அழித்ததும் நான்தான்.

1986-ல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் பிளாப்பி வழியே ஊர் ஊராகப் போனது என்று மாணவி சொன்னாள். கொண்டுபோனவர்களுக்குத் தாங்கள் கொண்டுபோகிறோம் என்று தெரியாது. நம் ஊரில் விதைப் பூண்டு வாங்குகிறவர்களுக்கு இது புதிதா? மேல்தோல் பளபளவென்று இருக்கும். நட்ட பிறகுதான் அழுகல் தெரியும். 'என் விதை நல்ல விதை' என்று சொல்பவரிடமிருந்துதான் பல காட்டுக்கும் பரவியிருக்கும். தெரியாமல் கொண்டுவந்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை. என் கையைச் சந்தேகிக்காமல், பதிமூன்று வயதுப் பிள்ளையின் வாயைச் சந்தேகித்தேனே, அதுதான் என் குற்றம்.

அவன் இப்போது பிக்கப் ஓட்டுகிறான். பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போவான். போன வாரம் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தான். போய்ச் சொன்னேன், டைரியையும் காட்டினேன்.

சிரித்தான். "அதையா டீச்சர் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? நான் மறந்தே போயிட்டேன்."

தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். கட்டி முடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "வீட்லயும் சொன்னேன் டீச்சர். டீச்சர் பொய்யா சொல்லுவாங்கன்னு அப்பா அடிச்சாரு."

அவன் மறக்கவில்லை. எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. "என்னை மன்னிச்சிருப்பா" என்று மட்டும் சொன்னேன். "விடுங்க டீச்சர்" என்று வண்டியை எடுத்துவிட்டான்.

அதன்பிறகு அவன் கம்ப்யூட்டர் பக்கம் போகாததற்கு நான்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

நீலப் பென்டிரைவில் அவன் வரைந்த படமும் இருந்தது. மலைச்சரிவில் படிப்படியாகக் காடுகள், கீழே குழந்தை வேலப்பர் கோயில். மாணவியிடம் சோதிக்கச் சொல்லி, சுத்தமான பிறகு வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது: "மேலருந்து நாலாவது படி எங்க காடு டீச்சர்."

இதை முகநூலில் எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரும் போடுங்கள் என்றான். நான் போடவில்லை. வகுப்பு முன்னால் நிற்க வைத்தவள் என்பதால், வகுப்பு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்று அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: அவன் கெடுக்கவில்லை. உங்கள் டீச்சர்தான் கெடுத்தாள்.

வேறு யாரையும் நான் இப்படிக் கேட்காமல் தண்டித்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கமெண்டில் சொன்னாலும் சரி, வீட்டுக்கு வந்து சொன்னாலும் சரி. பழைய டைரிகள் எல்லாம் இருக்கின்றன, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பூம்பாறை