84 நாள் லீவு முடியுது, எந்த பம்ப் வாங்குறது?



"எந்த பிரெஸ்ட் பம்ப் வாங்கினீங்க டீச்சர்?" என்று போன மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் டீச்சர்மார். நாலாவது ஆள், மனைவிக்காகக் கேட்ட ஒரு நானா. வெட்கப்படாமல் கேட்டதற்கு அவருக்குத் தனியா ஒரு துஆ. எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. அரசாங்க உத்தியோகத்தில் முழுச் சம்பளத்தோடு பிரசவ லீவு 84 வேலை நாள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை எல்லாம் கழித்துப் பார்த்தால் நாலு மாதமும் கொஞ்சமும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். இடையில் ஆறேழு கிழமை விழுகிறது. அரைச் சம்பளத்தில் இன்னொரு 84 நாள், அதற்குப் பிறகு சம்பளமே இல்லாமல் 84 நாள் எடுக்கலாம்தான். களனியில் வாடகை வீட்டில் இருக்கிற எங்களுக்கு அரைச் சம்பளம் கட்டுப்படியாகாது. மிச்சம் இருந்தது இரண்டு வழி: பால்மா டின் அல்லது பம்ப்.

மாமி பால்மா பக்கம். "எங்கட காலத்துல டின் பால் குடிச்ச புள்ளைகள் எல்லாம் இப்ப டொக்டர் இல்லையா?" என்பார். உம்மாவுக்கு வேறு கவலை. மீனும் இறைச்சியும் வைக்கிற பிரிட்ஜில் தாய்ப்பாலை எப்படி வைக்கிறது? இவருக்கு ஒரு கவலையும் இல்லை. அல்பகறா 233ஆம் வசனத்தில், முழுமையாகப் பாலூட்ட விரும்பினால் இரண்டு வருடம் என்று வருகிறது எல்லோருக்கும் தெரியும். தாயின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. பம்ப் காசை அவர் அந்தக் கணக்கில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டோம். "பம்ப் பிறகு பாக்கலாம் துவ, முதல்ல கையால எடுக்கப் பழகுங்க" என்றார். கையைக் கழுவி, எங்கே அழுத்துவது, எப்படி விடுவது என்று காட்டியும் தந்தார். பம்ப் வாங்கப் போகிற எல்லோருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதுதான். மெஷின் பழுதாகும், சார்ஜ் இறங்கும், பள்ளிக்கூடத்தில் வால்வை மறந்துவிட்டுப் போவீர்கள். கை எங்கேயும் போகாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை மறக்க முடியுமா?

அப்படியானால் பம்ப் எதற்கு? நேரத்துக்கு. காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினால், கொட்டாஞ்சேனைப் பக்கம் படிப்பித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கித் திரும்பி வர பின்னேரம் இரண்டே முக்கால். எட்டரை மணித்தியாலம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சராசரியாக ஒரு நாளைக்கு 750 மில்லி அளவு குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு என்றால் 250 மில்லி வீட்டில் இருக்க வேண்டும். இன்டர்வல் இருபது நிமிஷத்தில் கையால் அவ்வளவு எடுக்க எங்களால் முடியாது.

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினோம், பெட்டாவிலும் பார்த்தோம். ஒரு கடையில் விற்கிற தம்பி எங்களைவிட அதிகமாக வெட்கப்பட்டார், பாவம். பார்த்ததில் விளங்கியது இவ்வளவு.

இரண்டு பக்கமும் ஒரேயடியாக எடுக்கிற மெஷின்தான் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரி. ஒற்றைப் பம்பில் அரை மணித்தியாலம் போவது இதில் பதினைந்து நிமிஷத்தில் முடியும். பால் மோட்டர் பக்கம் போகாமல் தடுக்கிற சவ்வு உள்ளதா என்று கேளுங்கள், 'க்ளோஸ்ட் சிஸ்டம்' என்று பெட்டியில் இருக்கும். அது இல்லாத மெஷினில் ட்யூப் வழியாக ஈரம் போய் உள்ளே பூஞ்சணம் பிடிக்கலாம், அதைக் கழுவவே முடியாது. அதனால்தான் "பாவிச்சது, மலிவா தாறோம்" என்று யாராவது சொன்னாலும் நாங்கள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பலர் பாவிக்கிற பெரிய மெஷின் வேறு, வீட்டு மெஷின் ஒரு ஆளுக்கு மட்டும்.

அடுத்தது, யாரும் சொல்லித் தராத விஷயம், புனலின் அளவு. மார்பில் வைக்கிற அந்தப் புனல் பெட்டியில் பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டரில் வரும். காம்பின் விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், நிறையப் பேருக்கு அது பெரிது. கடைப் பிள்ளை "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மிஸ்" என்றார். இல்லை. அளவு பிழைத்தால் வலிக்கும், பாலும் குறையும். பிறகு "எனக்குப் பால் இல்லை" என்று டின் வாங்கப் போவோம். உள்ளே போடுகிற சின்ன ரப்பர் வளையம் தனியாக விற்கிறார்கள், அதை வாங்கினோம். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பதும் கிடையாது. முதலில் வேகமா மெல்லிசா, பால் இறங்கியதும் மெதுவா ஆழமா. பிள்ளை குடிப்பதும் அப்படித்தானே? வலி வருவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும்.

உடுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிற கிண்ணம் மாதிரி மெஷினும் இருக்கிறது. அபாயாவுக்கு உள்ளே வெளியே தெரியாது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விலை கூட, குனிந்தால் ஊற்றுப்படும் என்கிறார்கள். குனியாமல் கொப்பி திருத்த எங்களுக்குத் தெரியாது. சார்ஜ் பண்ணுகிற சாதாரண இரட்டைப் பம்பே வாங்கினோம்.

அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் அனுப்புவதென்றால் அடப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230.

எங்கே இருந்து எடுப்பது? இதுதான் மெஷினைவிடப் பெரிய பிரச்சினை. 2016 கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். உலகமே மெச்சுகிற எண். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மிட்வைஃப்மாரும் தாய்மாரும். வேலைத்தலங்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டால், கதவு பூட்டுகிற ஒரு அறை கூட இல்லாத இடம்தான் அதிகம். தனியார் துறையில் இருப்பவர்களுக்கு மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில், பிள்ளைக்கு ஒரு வயசு வரை பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. தெரியாதவர்கள் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு உதவியது டைம்டேபிள் போடுகிற டீச்சர். ஒரு ஃப்ரீ பீரியட்டை இன்டர்வலுக்குப் பக்கத்தில் தள்ளித் தந்தார், லைப்ரரியில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதிரை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எடுத்த பாலை 25 பாகைக்குக் கீழே நாலு மணித்தியாலம் வெளியே வைக்கலாம் என்பது அமெரிக்க சீ.டீ.சீ. சொல்லும் கணக்கு. கொழும்பு ஸ்டாஃப் ரூமில் எங்கே 25 பாகை? ஐஸ் பேக்கோடு கூலர் பேக்கில் வைத்துக்கொண்டு வருவோம், அதில் 24 மணித்தியாலம் தாங்கும். வீட்டு பிரிட்ஜில் நாலு நாள். உம்மாவுக்காக மேல் தட்டில் மூடியுள்ள டப்பா ஒன்றை ஒதுக்கிவிட்டோம், மீன் கீழே போய்விட்டது. மேலே ஆடை படிந்தால் பழுதாகிவிட்டது என்று கொட்டாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க அடுப்பு வேண்டாம், சுடுதண்ணீர்க் கோப்பையில் போத்தலை வைத்தால் போதும். மிட்வைஃப் சொன்னபடி சூப்பிப் போத்தலும் கொடுக்கவில்லை, சின்னக் கப்பால்தான் உம்மா பருக்குவார். முதல் மூன்று நாள் பாதி பால் மகனின் கழுத்தில். நாலாவது நாள் அவனே கப்பைப் பிடித்து இழுத்தான், மாஷா அல்லாஹ். இப்போது மாமி அயலவர்களுக்கு அதைச் செய்து காட்டுகிறார்!

இன்னொன்று. ஸ்டாஃப் ரூம் பிரிட்ஜில் இரண்டு தாய்மாரின் பால் இருந்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள். மாறிக் குடித்தால் பால்குடி உறவுப் பிரச்சினை வரும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை என்ற கணக்கு இருந்தாலும், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் யார் எண்ணிக்கொண்டு இருப்பது?

வாத்து வாய் மாதிரியான சின்ன வால்வு இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். பால் குறைந்தால் முதலில் அதைப் பாருங்கள். வாங்கும்போதே மேலதிகமாக ஒரு சோடி எடுத்துவிடுங்கள்.

எங்கட பம்பை இரவல் கேட்ட தங்கச்சிக்கு: மேலே எழுதிய காரணத்தால் தர முடியாது மகள், கோவிக்க வேண்டாம். கூலர் பேக்கும் ஐஸ் பேக் நாலும் தருகிறோம். அதுவும் மூன்றாம் தவணை முடிய. இவன் இன்னும் விட்டபாடில்லை.