நாற்காலிக்கு ஒரு மதிப்பெண்

பணியாளரின் தகுதியை முதலாளி மதிப்பிடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கு. முதலாளியைப் பணியாளர் மதிப்பிடுவதோ அண்மைக்காலப் புதுமை. 1981 முதல் 1996 வரை பிறந்தோரை ‘மில்லினியல்’ தலைமுறையினர் என்பர். நாற்பதைக் கடந்த யாமும் அக்கணக்கின் தலைவாயிலில் நிற்பவரே. ஆயினும், பணியிடத்திற்கு மதிப்பெண் இடும் துணிவு எமக்கு வாய்த்ததில்லை.

சென்ற ஆண்டு எம் துறையின் முன்னாள் மாணவர் சந்திப்பில், “நீங்கள் பணிபுரியும் இடத்திற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் இடுவீர்கள்?” என விளையாட்டாக வினவினோம். ஊதியத்தை வைத்தே விடை வரும் என எண்ணியிருந்தோம். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர், இரவு பத்து மணிக்கு மேலும் மேலாளர் அழைப்பதால் நான்கே தந்தார். 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அதனை எடுத்துரைத்த ஒரு மாணவி, “விடுப்புக் கிடைத்தது; காப்பகம் கிடைக்கவில்லை. ஆறு, ஐயா” என்றார்.

ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் மாணவர் எழுந்தார். “எட்டு, ஐயா. எங்கள் தளத்தில் நாங்கள் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள்” என்றார். சிலர் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை.

எம் அத்தா ஜவுளிக்கடையில் 31 ஆண்டுகள் நின்றவர். இரவில் அவர் காலில் புடைத்த நரம்புகளின்மேல் எண்ணெய் தடவுவது எம் இளமைக்காலக் கடமை. பெருநாளைக்கு முதலாளி அளிக்கும் சட்டைத்துணிக்காக அவரை வாயார வாழ்த்துவார். மதிப்பெண் கேட்டிருப்பின், பத்துக்குப் பதினொன்று இட்டிருப்பார். கடைப்பணியாளர் அமர இருக்கை வேண்டுமெனக் கேரளத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலும் சட்டம் திருத்தப்பட்டது. அத்தா 2009ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

இளையோர் நன்றியறியாதவர் என யாமும் வகுப்பில் கடிந்துரைத்ததுண்டு. நன்றி வேறு, உரிமை வேறு என்பதை அந்த எட்டு மதிப்பெண்ணே எமக்குக் கற்பித்தது.

விடைபெறுகையில் அம்மாணவர், “நம் துறைக்கு எத்தனை, ஐயா?” என்றார். யாம் வாய் திறக்கவில்லை. துறை வாயிலில் காலை முதல் மாலை வரை நிற்கும் அலுவலக உதவியாளர் எம் கண்ணில் பட்டார். மறுநாள் அங்கே ஒரு நாற்காலி இடச் செய்தோம். முதல் வாரம் முழுதும் அவர் அதில் அமரத் தயங்கினார். அத்தாவும் அவ்வாறே தயங்கியிருப்பார்.