எந்த ஸ்டேக் படிக்கலாம், மச்சான்?

மாமா மகன் ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸில் சேரப் போகிறான். கட்டணம், மாமா சவுதியில் வேலை பார்த்து அனுப்பும் காசு. "மச்சான், லாம்ப் ஸ்டேக்கா, மெர்ன் ஸ்டேக்கா? எதுக்கு வேலை கெடைக்கும்?" என்று கேட்டான்.

பெரியபட்டினத்துக்காரனுக்கு அடுக்கு என்றால் தெரியாமல் இருக்காது. 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் எங்க ஊரில் குழி தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. குழியில் கீழே போகப் போகப் பழைய காலம். ஸ்டேக் என்பதும் அடுக்குதான். ஆனால் இங்கே எல்லா அடுக்கும் ஒரே நொடியில் உயிரோடு வேலை செய்யணும்.

கருவாடு விற்க நாம் ஒரு இணையதளம் போடுகிறோம் என்று வையுங்கள். சென்னையில் ஒருவர் 'வாங்கு' பொத்தானை அழுத்துகிறார். அப்பாச்சி அந்தக் கோரிக்கையை வாங்குகிறது. பிஎச்பியில் எழுதிய நிரல், நெத்திலி எத்தனை கிலோ மிச்சம் என்று கேட்கிறது. மைஎஸ்க்யூஎல் கணக்கைப் பார்த்துச் சொல்கிறது. இத்தனையையும் கீழிருந்து தாங்குவது லினக்ஸ். நான்கின் முதலெழுத்தும் சேர்ந்தால் லாம்ப். லினக்ஸ் 1991-ல் வந்தது, மற்ற மூன்றும் 1995-ல். நான்குமே இலவசமாகக் கிடைத்ததால், கையில் காசில்லாதவனும் தளம் கட்ட முடிந்தது.

மெர்ன் என்பது மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட். இதில் வாடிக்கையாளரின் போனில் ஓடும் பக்கத்தையும் சர்வரில் ஓடும் நிரலையும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற ஒரே மொழியில் எழுதலாம். ஒரே ஆளை வைத்து இரண்டு வேலையையும் முடிக்கலாம் என்பதால் கம்பெனிகளுக்கும் இது பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெர்ன் என்ற பெயரில் லினக்ஸ் இல்லை. அப்படிக் கட்டிய தளங்களும் பெரும்பாலும் லினக்ஸ் மேல்தான் ஓடுகின்றன. கோர்ஸ் விளம்பரம் பெயரில் உள்ள நான்கைச் சொல்லும். ஆர்டர் விழாமல் தளம் நின்றுபோனால், கோளாறு பெயரில் இல்லாத அடுக்கிலும் இருக்கலாம். டிஸ்க் நிறைந்திருக்கும், அல்லது டொமைன் புதுப்பிக்காமல் விட்டிருக்கும். அப்போது மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறங்கிப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை நிற்கும். பெயர்கள் மாறும். பக்கம், நிரல், தரவுத்தளம், இயங்குதளம் என்ற அடுக்குகள் லாம்பிலும் இருந்தன, மெர்னிலும் இருக்கின்றன.

அதனால் எந்த ஸ்டேக் என்று நான் சொல்லவில்லை. "பணம் கட்டுறதுக்கு முன்னாடி அங்க ஒண்ணு கேளு. தளம் நின்னுபோனா எந்த அடுக்குல கோளாறுன்னு கண்டுபிடிக்கச் சொல்லித் தருவீங்களான்னு கேளு. அவங்க முழிச்சா, மாமா காசை எடுத்துக்கிட்டு வந்துரு" என்றேன்.